பழைய மரத்துக்கு எந்த பாலிஷ்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்கு அலமாரிகளும் ஈட்டி மர நாற்காலிகளும் அடுக்கிக் கிடக்கின்றன. செட்டிநாட்டு வீடுகள் கைமாறும்போதும் பாகம் பிரியும்போதும் வெளியே வந்த சாமான்கள் இவை. ஆசையாக ஒன்றை வாங்கி வந்ததும் அடுத்த வேலை பாலிஷ். “பி.யு. அடிச்சிட்டா ரொம்ப வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் சார்” என்பார் பாலிஷ்காரர். புதுக் கதவுக்கு அந்த பாலியூரித்தேன் (பி.யு.) பூச்சு நல்ல யோசனை. பழைய அலமாரிக்கு அப்படியே பொருந்தாது.

முதலில் ஒரு சோதனை

இப்போது மேலே இருப்பது என்ன பூச்சு என்று பாருங்கள். கால்களின் உட்புறம் போல வெளியே தெரியாத இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு வையுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். இரண்டுக்குமே மசியாவிட்டால் மெலமைன், பி.யு. அல்லது நன்கு காய்ந்த எண்ணெய் வார்னிஷ். அந்தக் காலத்துச் சாமான் என்றால் பெரும்பாலும் அரக்காகவே இருக்கும்.

அரக்கின் பலமும் பலவீனமும்

ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் அரக்குப்பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்து செதில்களாக்குகிறார்கள். அதை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை மெல்லிய துணியில் சுற்றி, மெலிதாகப் பல முறை இழுப்பதுதான் பிரெஞ்சு பாலிஷ். லிட்டருக்குச் சுமார் 120 கிராம் செதில் போட்டால் மெல்லிய பூச்சுக்குச் சரியாக இருக்கும்.

புதுப் பூச்சு பழைய பூச்சின் மேற்பரப்பைச் சற்றே கரைத்து அதோடு ஒன்றிவிடும் என்பதே அரக்கின் பெரிய பலம். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம். முழுதும் சுரண்ட வேண்டியதில்லை. பலவீனங்களும் உண்டு. ஈர டம்ளர் வெள்ளை வளையம் விடும், சூடான பாத்திரம் தடம் பதிக்கும், அம்மோனியா கலந்த துடைப்பான் பூச்சையே கரைத்துவிடும். அடைமழை நாளில் பூசினால் வெளுத்துப்போகும். கரைத்து மாதக்கணக்கில் வைத்த அரக்கு சரியாகக் காயாது. எனவே கரைத்த தேதியை பாட்டிலில் எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால் கண்ணாடித் துண்டில் தடவிப் பாருங்கள்.

மெலமைனும் பி.யு.வும்

இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் இந்தப் பூச்சுகள் காயும்போது வேதிமாற்றம் அடைந்து இறுகுகின்றன. தண்ணீர், சூடு, கறை எதையும் அரக்கைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் இறுகியபின் சாதாரணத் தின்னரில் கரையாது. அடுத்த முறை சுரண்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ வேண்டிவரும். அப்போது, காலம் மரத்துக்குக் கொடுத்த நிறமும் பழுப்பும் தூளாகப் போய்விடும். மெல்லிய மரத்தகடு ஒட்டிய சாமானில் தகடே தேய்ந்து கிழியும்.

ஈட்டி மரத்தில் இன்னொரு சிக்கல். அதன் இயற்கை எண்ணெய்ப் பசை, எண்ணெய் வார்னிஷைக் காயவிடாமல் தாமதப்படுத்தும். முதலில் அரக்கை மெலிதாகப் பூசி அடைப்பது வழக்கம். அதன்மேல் பி.யு. அடிப்பதானால் மெழுகு நீக்கிய அரக்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேல்பூச்சு உரிந்து வரும்.

ஆளிவிதை எண்ணெய் மரத்தின் ரேகையை எடுத்துக் காட்டும், பாதுகாப்பு குறைவு. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம், தண்ணீரில் நனைத்துவிடுங்கள். தேன்மெழுகு, அரக்கின் மேல் மெருகேற்ற மட்டும் போதும்.

எதற்கு எது?

அலமாரி, கண்ணாடிச் சட்டம், எழுதுமேசை, ஊஞ்சல் பலகை போன்ற பழஞ்சாமான்களுக்கு அரக்கும் மேலே மெழுகும். தினமும் மூன்று வேளை சாப்பிடும் மேசையில் ஏற்கெனவே யாரோ பழைய பூச்சைச் சுரண்டி அழித்திருந்தால், பளபளப்பில்லாத பி.யு. அடிப்பதில் தவறில்லை. பழைய பூச்சு நன்றாக இருக்கும் மேசையென்றால் தட்டுக்கு அடியில் விரிப்பு போட்டுக்கொள்வதே நல்லது.

வேலையைத் தொடங்கும் முன் பாலிஷ்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதை நாளைக்கு மரத்துக்குச் சேதமில்லாமல் எடுக்க முடியுமா?” முடியாது என்றால், தாத்தா காலத்து அலமாரியில் அந்தப் பூச்சு வேண்டாம்.