நீலச் சீரமும் ஊசிக் குப்பியும்

முகச் சுருக்கம் மறையும், முடி அடர்த்தியாகும் என்று ஆன்லைனில் விற்கும் நீல நிறச் சீரத்தில் இருப்பது காப்பர் பெப்டைட். மூன்று அமினோ அமிலங்கள் செம்பைப் பிடித்து வைத்திருக்கும் சின்னத் துணுக்கு. நீலம் அந்தச் செம்பின் நிறம். 1973இல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் மனித ரத்தத்தின் பிளாஸ்மாவில் இந்தப் பெப்டைடைக் கண்டறிந்தார். 'உடம்பிலேயே இருப்பதுதானே, என்ன செய்துவிடும்?' என்று விற்பவர்கள் கேட்பது இதை வைத்துத்தான். இன்சுலினும் உடம்பில் இருப்பதுதான்; அதை யாரும் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வதில்லை.

மேலே பூசுவதில் பெரிய ஆபத்து இல்லை. சிலருக்கு எரிச்சல், சிவப்பு, அரிப்பு வரும். அதற்கும் பல நேரம் காரணம் செம்பாக இருக்காது. கூடவே கலந்த வாசனைப் பொருளோ, கெடாமல் இருக்கச் சேர்த்த ரசாயனமோதான். வைட்டமின் சி சீரத்தோடு சேர்த்துப் பூசினால் செம்பு அதைச் சிதைத்துவிடும். ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொள்ளலாம். முழங்கை மடிப்பில் ஒரு வாரம் தினமும் பூசிப் பார்த்த பிறகு முகத்துக்குப் போவது நல்லது. அரிப்பும் வீக்கமும் வந்த பிறகும் 'அழுக்கு வெளியேறுகிறது, நிறுத்தாதீர்கள்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே நிறுத்துங்கள். உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

என் கவலையெல்லாம் ஊசி பற்றித்தான். வீட்டில் நுண்ணிய ஊசிகள் பதித்த உருளையான டெர்மாரோலரை முகத்தில் உருட்டிவிட்டு அதே கையோடு சீரம் தடவுகிறார்கள். தோலின் காப்பை நாமே துளைத்துவிட்ட பிறகு, மேலே பூசத் தயாரித்த திரவம், அதன் வாசனைப் பொருளும் சேர்த்து, உள்ளே இறங்குகிறது. இப்படி ஊசித்துளை போட்டுச் சீரம் தடவியவர்களுக்கு முகத்தில் கட்டி கட்டியாகத் தடிப்பு வந்து மாதக்கணக்கில் நீடித்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

அதைவிட மோசம், ரப்பர் மூடி போட்ட குப்பியில் வரும் நீலப் பொடி. தண்ணீரில் கரைத்து வயிற்றுத் தோலில் குத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். குப்பியிலோ 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று பொடி எழுத்து. அந்த வரி விற்பவர் தப்பிக்க. உள்ளே எவ்வளவு இருக்கிறது, கிருமி நீக்கியதா என்பதற்கெல்லாம் யாரும் பொறுப்பில்லை.

இந்தியாவில் விற்கும் அழகுசாதனப் பொருளின் லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி, உட்பொருள் பட்டியல் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகள் இவற்றைக் கட்டாயமாக்கியுள்ளன. இல்லாவிட்டால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். ஊசி மருந்தால் வந்த பக்கவிளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதியலாம்.

பணத்துக்கும் பாதிப்புக்கும் முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதில் நடித்த பிரபலத்துக்கும் விதிக்கலாம்.

'பாட்டிலைத் திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறோம்' என்று விற்பவர் சொன்னால் அவசரப்படாதீர்கள். மிச்சமிருக்கும் சீரம்தான் சாட்சி. பாட்டில், அட்டைப்பெட்டி, பில், தடித்த முகத்தின் தேதியிட்ட படம், தோல் மருத்துவரின் சீட்டு எல்லாம் உங்களிடமே இருக்கட்டும்.