லாரி எங்கிருந்து காற்றை எடுக்கிறது?

பள்ளிப்பட்டுப் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓய்வதற்குள் கரும்பு வெட்டு தொடங்கிவிடும். திருவாலங்காட்டுக் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகளும் ஜல்லி ஏற்றும் டிப்பர்களும் அலையும் அதே நாட்களில்தான் ஆந்திராவின் கிருஷ்ணாபுரத்தில் அம்மபள்ளி அணையும் நிரம்பும். அங்கே தண்ணீர் திறந்தால் இங்கே கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்கும். 2021 நவம்பரிலும் மூழ்கின. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி மேலே தூக்கி வைக்கலாமா என்ற பேச்சு பட்டறைகளில் எழுவதற்கு இப்படி ஒரு மழைக்காலம் போதும்.

டீசல் இன்ஜின் எவ்வளவு காற்று குடிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் இன்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால், டர்போ இல்லாமலே அந்த ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 7,000 லிட்டர் காற்றை இழுக்கும். டர்போ இருந்தால் இன்னும் அதிகம். இழுவை அந்த அளவுக்கு இருப்பதால், குழாய் வாய்க்கு அருகில் வரும் தூசி, சருகு, மழைத்துளி எல்லாம் உள்ளே போகப் பார்க்கும்.

ஆனாலும் சாதாரண மழைக்கு இன்ஜின் பயப்படாது. கேபினுக்குப் பின்னால் உயரமாக நிற்கும் குழாயின் வாய் பக்கவாட்டிலோ பின்புறமோ பார்த்திருந்தால், பெரிய துளிகள் காற்றோடு திரும்ப முடியாமல் வெளியிலேயே விழுந்துவிடும். தப்பி வருவது ஃபில்டர் பெட்டியின் அடியில் தொங்கும் ரப்பர் வால்வு வழியே சொட்டிவிடும். ஈரப்பதமாக உள்ளே போகும் கொஞ்சமும் சூட்டில் ஆவியாகிவிடும். மழையில் உண்மையில் அவதிப்படுவது காகித ஃபில்டர்தான். நனைந்தால் ஊறும், காற்று அடைபடும், புகை கருப்பாக வரும், ஏற்றத்தில் வண்டி திணறும்.

வினை தேங்கிய தண்ணீரிலும் ஓடும் தண்ணீரிலும் இருக்கிறது. மேலே சொன்ன இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அழுத்த விகிதம் 17 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 60 மில்லிதான். சின்ன டீ கிளாஸ்கூட நிறையாது. அதற்கு மேல் தண்ணீர் புகுந்துவிட்டால் பிஸ்டனுக்குப் போக இடமில்லை. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. கனெக்டிங் ராடு வளையும். வேகத்தில் ஓடும்போது நடந்தால் ராடு முறிந்து பிளாக்கையே உடைக்கவும் கூடும்.

இனி மாற்றங்களுக்கு வருவோம். பெட்டியையே எடுத்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டினால் ‘பிக்கப்’ கூடும் என்பார்கள். இந்த ஊர் லாரிக்கு அது வேண்டாத வேலை. டீசலில் எவ்வளவு எரிபொருள் தெளிக்கப்படுகிறதோ அதற்கேற்பத்தான் சக்தி. எரிபொருள் கூடாமல் காற்றை மட்டும் கூட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. மாட்டியதும் வண்டி நன்றாக இழுத்தது என்றால், பழைய ஃபில்டர் அடைத்திருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். புது ஃபில்டர் போட்டாலே அந்த இழுவை வந்திருக்கும். தவிர, திறந்த ஃபில்டர் இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றை இழுக்கும், சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரையும் நேராக வாங்கும். கிரஷர் தூசி நுழைந்தால் டர்போ இறக்கையும் லைனரும் தேயும்.

குழாயை உயர்த்துவது வேறு கதை. ஒழுங்காகச் செய்தால் பயன் உண்டு. உள் விட்டம் பழைய குழாயைவிடக் குறையக் கூடாது. வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும். வாய் முன்னோக்கிப் பார்க்கக் கூடாது, மேலே மூடி வேண்டும். பலர் கவனிக்காதது கீழ்ப்பகுதியை. குழாய் கேபினைத் தாண்டி நிற்கும், ஆனால் ஃபில்டர் பெட்டி சேஸிஸ் ஓரத்தில் இருக்கும். அடியிலுள்ள ரப்பர் வால்வு கிழிந்திருந்தாலோ ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ, அந்த மட்டத்துக்குத் தண்ணீர் வந்ததும் அங்கிருந்தே இன்ஜின் உறிஞ்சிவிடும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் கசிவு இருந்தால் வெயில் காலத்திலும் தூசி வடிகட்டாமல் போகும். ஐப்பசிக்கு முன் அந்த வால்வையும் கிளாம்புகளையும் பார்த்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. இன்னொன்று: பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. எஃப்.சி.க்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

உயரமான குழாய் இன்ஜினை மட்டுமே காக்கும், வண்டியை அல்ல. முழங்காலைத் தாண்டி இரண்டடி வேகமாக ஓடும் நீர் கார், ஜீப் போன்றவற்றை இழுத்துப் போகும். லோடு லாரி கனம்தான். ஆனால் செம்மண் நீருக்கு அடியில் தரைப்பாலத்தின் ஓரம் அரித்துப் போயிருந்தால் கனம் உதவாது. தடுப்பு வைத்திருந்தால் சுற்றுவழிதான்.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கக் கூடாது. தப்பிய ராடு பெரும்பாலும் வளைவது அந்த இரண்டாம் முயற்சியில்தான். அதனால் வந்த சேதம் என்று சொல்லி இன்சூரன்ஸில் மறுப்பதும் உண்டு. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துக் கரை சேர்க்க வேண்டும். ஃபில்டரையும் இன்டர்கூலர் குழாய்களையும் அவிழ்த்துத் தண்ணீரை வடித்து, இன்ஜெக்டர்களைக் கழற்றி, கையால் இன்ஜினைச் சுற்றி சிலிண்டரில் இருப்பதை வெளியேற்ற வேண்டும். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் முழுதும் மாற்ற வேண்டும். கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஆயிலையும் திறந்து பார்க்கவும்: சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது அதன் மூச்சுத்துளை வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கும்.