வீட்டு இணையத்தை அளப்போம், நியாயமாகப் பங்கிடுவோம்



"மஃரிபுக்குப் பிறகு நெட் நகரவே மாட்டேன் என்கிறது. பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுவிடுகிறது. இன்னும் பெரிய பிளானுக்கு மாறிவிடலாமா?" டவுன்ஷிப்பின் பல வட்டங்களிலிருந்தும் நம்மிடம் வரும் கேள்வி இது. மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டுவதற்கு முன், இருக்கும் இணைப்பு எதில் செலவாகிறது என்று அளந்து பாருங்கள் என்பதே நம் பதில்.

அண்மையில் ஒரு குடும்பம் இதே குறையோடு வந்தது. மகள் நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். வளைகுடாவில் இருக்கும் அத்தா தினமும் இரவு வீடியோவில் அழைப்பார். வகுப்பும் அழைப்பும் திக்கித் திணறின. "எல்லாம் தம்பி விளையாடும் கேமால்தான்" என்று வீட்டில் முடிவு கட்டி, அவனிடமிருந்து போனையும் பிடுங்கியாயிற்று. அளந்து பார்த்தால் கதை வேறு. அம்மாவின் போன் வீட்டு வைஃபையில் சேர்ந்ததும், கல்யாண வீட்டில் எடுத்த வீடியோக்களை எல்லாம் பேக்கப்புக்காக ஏற்றத் தொடங்கியிருக்கிறது. அது அம்மாவுக்கே தெரியாது. பையன் மீது சுமத்தியது வீண்பழி. ஆன்லைன் விளையாட்டு, ஆடும் நேரத்தில் குறைந்த டேட்டாவே எடுக்கும். அதன் அப்டேட்தான் பல ஜிபி இழுக்கும்.

ஏன் திணறுகிறது?

ஒளூ செய்யும் இடத்தில் ஒருவர் குழாயை முழுக்கத் திறந்துவிட்டால் அடுத்த குழாயில் தண்ணீர் மெலிந்துவிடும். இணையமும் அப்படித்தான். இன்னொன்றும் உண்டு. பெரிய கோப்பு ஒன்று ஏறும்போது ரூட்டரில் வரிசை நீண்டுவிடுகிறது. சின்னஞ்சிறு பேச்சுத் துணுக்குகளும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். அதனால்தான் வேகச் சோதனையில் நல்ல எண் வந்தாலும் அழைப்பு அறுபடுகிறது.

இது புதிய நோயுமல்ல. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில், சில நூறு கஜ தூரமே உள்ள இரண்டு இடங்களுக்கு இடையே வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசலை உணர்ந்தால் அனுப்புபவரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை வான் ஜேக்கப்சன் வகுத்தார். இன்றும் இணையம் அந்த அடிப்படையில்தான் ஓடுகிறது.

முதலில் அளப்பது

போனில் செட்டிங்ஸ் சென்று டேட்டா யூசேஜ் பகுதியில் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று பாருங்கள். பல போன்களில் வைஃபை கணக்கு தனியாக இருக்கும். விண்டோஸ் கணினியில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' என்பதன் கீழ் இதே விவரம் கிடைக்கும். இந்த நிமிடம் யார் இழுக்கிறார்கள் என்று அறிய, கணினியிலேயே உள்ள 'ரிசோர்ஸ் மானிட்டர்' போதும். படமாகப் பார்க்க விரும்புவோருக்கு கிளாஸ்வயர் உண்டு. லினக்ஸ் வைத்திருப்போருக்கு விஎன்ஸ்டாட், நெட்ஹாக்ஸ் ஆகியவை இலவசம்.

ஒரு கணக்கையும் நினைவில் வையுங்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 40 எம்பிபிஎஸ் இணைப்பில் வினாடிக்கு 5 எம்பிதான் இறங்கும். நெட்ஃபிளிக்ஸில் ஒரு மணி நேர எச்டி படம் 3 ஜிபி வரையும், 4கே படம் 7 ஜிபி வரையும் எடுக்கும்.

பிறகு கட்டுப்படுத்துவது

பலரும் தவறுவது இங்கேதான். கணினியில் போடும் நெட்லிமிட்டர் போன்ற மென்பொருள், அந்த ஒரு கணினியின் புரோகிராம்களை மட்டுமே கட்டுப்படுத்தும். அடுத்த அறையில் இருக்கும் போனுக்கும் டிவிக்கும் அது பொருந்தாது. வீடு முழுவதற்கும் அளவு வைக்க வேண்டுமானால் எல்லாரும் கடந்து செல்லும் வாசலில், அதாவது ரூட்டரில்தான் வைக்க வேண்டும்.

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே சென்று, 'கியூஓஎஸ்' அல்லது 'பேண்ட்வித் கண்ட்ரோல்' இருக்கிறதா என்று பாருங்கள். மொத்த வேகமாக, நீங்கள் அளந்ததில் 85 முதல் 90 சதவீதம் கொடுங்கள். அப்போதுதான் வரிசை உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். படிக்கும் பிள்ளையின் கணினிக்கு முன்னுரிமை கொடுங்கள்.

ரூட்டரில் அந்த வசதி இல்லையா? கவலை வேண்டாம். போட்டோ பேக்கப்பை அணைத்துவைத்து, தூங்கப் போகும்போது இயக்குங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். விண்டோஸில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை இயக்கினால் பெரும்பாலான அப்டேட்டுகள் தாமாக இறங்காது. ஐபோனில் 'லோ டேட்டா மோட்' உண்டு. மேலே சொன்ன குடும்பத்தில் பேக்கப் நேரத்தை மாற்றியதே போதுமானதாக இருந்தது. பெரிய பிளான் தேவைப்படவில்லை.

செய்யக் கூடாதவை

ஒரே வைஃபையில் இருக்கும் மற்றவரின் இணைப்பைத் துண்டிக்கும் நெட்கட் போன்ற கருவிகளை இளைஞர்கள் சிலர் விளையாட்டாகப் பயன்படுத்துகிறார்கள். பக்கத்து வீட்டாரோடு இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் இது அவர்களின் உரிமையைப் பறிப்பதாகும். உரியவருக்குக் கணினி அல்லது வலையமைப்பைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 ஆகிய பிரிவுகளின் கீழும் வரும். கட்டண மென்பொருளின் 'கிராக்' பதிப்பும் வேண்டாம். அது ஹலால் அல்ல என்பதோடு, வைரஸையும் கூடவே அழைத்துவரும்.

ரூட்டரின் வைஃபை கடவுச்சொல்லையும், உள்ளே நுழையும் அட்மின் கடவுச்சொல்லையும் இன்றே மாற்றிவிடுங்கள். பழைய கடவுச்சொல் எத்தனை போன்களில் இருக்கிறதோ, யார் கண்டது!

வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, எந்த நேரம் யாருக்கு என்று மஷூரா செய்து முடிவெடுங்கள். அளக்காமல் யார் மீதும் குற்றம் சொல்லாதீர்கள். ரூட்டரில் கைவைக்கத் தயக்கம் இருப்பவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். கணினி தெரிந்த நம் பிள்ளைகளை வைத்துச் செய்துகொடுப்போம், இன்ஷா அல்லாஹ். மிச்சமாகும் பணம் பிள்ளைகளின் புத்தகத்துக்கு உதவட்டும்.