பக்கத்து இருக்கைக்காரர்

தனிமையை ஆராயச் சிகாகோ தோதான ஊர். 1929-லேயே சமூகவியலாளர் ஹார்வி சோர்பா, அந்நகரின் வாடகை அறைவாசிகளைப் பற்றி எழுதிவிட்டார். வேலை தேடி வந்த இளைஞர்கள், இளம்பெண்கள். ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியும் அடுத்த அறைக்காரரின் பெயர் தெரியாதவர்கள்.

அதே ஊரின் பல்கலைக்கழகத்தில்தான் ஜான் கசியோப்போ, தனிமையும் பசி, தாகம் போல உடல் விடுக்கும் எச்சரிக்கையே என்றார். கூட்டத்தைப் பிரிந்த ஆதிமனிதர் எதற்கும் இரையாகலாம். திரும்பிப் போ என்று துரத்துவதற்குத்தான் அந்த வலி. ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. துணையிழந்த மூளை ஆபத்தையும் மோப்பம் பிடிக்கத் தொடங்குகிறது. பிறரிடமிருந்து வரும் அச்சுறுத்தலின் சாயலைத் தனிமையில் வாடுவோரின் மூளை மற்றவர்களைவிட விரைவாகப் பிரித்தறிவதை மின்னலைப் பதிவுகள் காட்டின. பசித்தவர் சோற்றைச் சந்தேகிப்பதில்லை. தனித்தவர் மனிதரைச் சந்தேகிக்கிறார்.

2011-ல் கிறிஸ்டோபர் மாசியும் கசியோப்போ குழுவினரும் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். ஆட்களைச் சந்திக்க வாய்ப்புகளைக் கூட்டிய முயற்சிகளைவிட, ‘என்னை யாருக்கும் பிடிக்காது’ என்பது போன்ற எண்ணங்களைத் திருத்திய முயற்சிகளே அதிகம் பலித்திருந்தன.

பிறருக்கு நம்மைப் பிடிக்காது என்ற இந்தத் தயக்கம் தனிமையில் வாடுவோருக்கு மட்டுமே உரியதும் அல்ல. ஆய்வாளர்கள் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோ புறநகர் ரயிலில் வேலைக்குப் போவோரில் சிலரைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசச் சொன்னார்கள். சிலரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். பேசாமல் போவதே சுகம் என்பது பயணிகளின் பொதுவான கணிப்பு. பேசியவர்களின் பயணமே இனிமையாக இருந்தது! 2014-ல் வெளியான முடிவு இது. பேசத் தயாராக இருப்பவர்கள் பலர். ஆனால் எதிராளிக்கு விருப்பமில்லை என்று அவர்கள் தாமே முடிவுகட்டிக்கொள்கிறார்கள்.

கசியோப்போவின் காதல் வாய்த்ததும் துணை தேடிப் போன இடத்தில் அல்ல, ஷாங்காயில் நடந்த ஓர் அறிவியல் மாநாட்டில். காதலில் மூளைக்குள் நடப்பதை ஆராய்ந்துகொண்டே நெடுங்காலம் தனியாக வாழ்ந்த ஸ்டெஃபனியை அங்கே கண்டார். பாரிஸில் திருமணம், பிறகு இருவருக்கும் ஒரே ஆய்வு. 2018-ல் ஜான் இறந்தார்.

துணை தேடும் செயலிகளை நான் குறைசொல்ல மாட்டேன். ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் ரோசன்ஃபெல்ட் கணக்குப்படி, 2017-ல் அமெரிக்காவில் இணைந்த ஆண்-பெண் ஜோடிகளில் 39 விழுக்காட்டினர் இணையத்தில் சந்தித்தவர்கள். ஆனால் செயலி கூட்டித் தருவது முகங்களைத்தான். மாசி தொகுத்த ஆய்வுகளில் பலன் குறைந்திருந்ததும் ஏறக்குறைய அந்த வழியே.