உங்களுக்குத் தெரியுமா? கரிசல் மண்ணும் இரும்பு வார்ப்பும்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் போனால் மானாவாரிக் காடுகளுக்கு நடுவே அங்கங்கே ஒரு கிணறு தென்படும். அதன் மேலே பம்பு, மோட்டார், சில இடங்களில் பழைய ஆயில் இன்ஜினின் கனத்த சக்கரம், அதற்கும் முந்தைய காலத்து இரும்பு உருளை. இவற்றின் உடல் எல்லாமே வார்ப்பிரும்பு. இரும்பாக ஆவதற்கு முன்னால் ஒவ்வொன்றும் மணலுக்குள் ஒரு வெற்றிடமாக இருந்தது. அந்த வெற்றிடத்தை உண்டாக்கும் கருவிகளையும் கைகளையும் பற்றித்தான் இந்த வாரம்.

நம் காட்டு மண்ணும் பவுண்டரி மண்ணும் உறவு

கோடையில் கரிசல் காடு கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. ஐப்பசி மழை விழுந்ததும் அதே வெடிப்பு மூடிக்கொள்கிறது, மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இதற்குக் காரணம் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமக் குடும்பம். அதன் ஏடுகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிமன்தான். ஏடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், வெளியேறினால் சுருங்கும். ஒரே ஒரு கிராம் களியில் இருக்கும் ஏடுகளைப் பிரித்து விரித்தால் பல நூறு சதுர மீட்டர் பரப்பு வரும்.

இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மணலை அச்சாக நிற்க வைக்கும் பென்டோனைட் என்ற களியும் பெரும்பாலும் இதே மான்ட்மோரில்லோனைட்தான். இந்தியப் பவுண்டரிகளுக்கு அது குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்தும் ராஜஸ்தானின் பார்மர் பகுதியிலிருந்தும் வருகிறது. பருத்திக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் குணமும், கொதிக்கும் இரும்பைத் தாங்கும் மணல் சுவரைக் கட்டிப்பிடிக்கும் குணமும் ஒரே களிமத்திலிருந்து வருகின்றன. கரிசல்காட்டுக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

அப்படியானால் கரிசல் மண்ணிலேயே அச்சு செய்யலாமா?

முடியாது. காரணங்கள் மூன்று. கரிசலில் களி மிக அதிகம், பல இடங்களில் பாதி அளவுக்குக்கூட இருக்கும். அச்சுமணலுக்குத் தேவையோ நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்குதான். களி கூடினால் காற்றும் ஆவியும் வெளியேற வழி இருக்காது. இரண்டாவதாக, காய்ந்ததும் வெடிக்கும் மண்ணில் அச்சும் வெடிக்கும். மூன்றாவது காரணம் கரிசலில் கலந்திருக்கும் சுண்ணாம்புக் கற்கள். உருகிய இரும்பு 1,300 செல்சியஸுக்கு மேல் கொதித்தபடி ஊற்றப்படுகிறது. அந்தச் சூட்டில் சுண்ணாம்புக்கல் சிதைந்து கார்பன் டை ஆக்சைடைக் கக்கும். அந்த வாயு வார்ப்புக்குள் சிக்கிக்கொண்டால் பம்பின் உடலில் ஓட்டை விழும்.

பாகு பதம்

பச்சை மணல் என்ற ஈரமான அச்சுமணல் பெரும்பகுதி சிலிக்கா மணல். அதோடு பென்டோனைட், கொஞ்சம் நிலக்கரித்தூள், 100 கிலோவுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர். இவ்வளவுதான் சரக்கு. ஆனால் சேர்மானத்தைவிடக் கலக்கும் விதம்தான் முக்கியம். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பருப்பின் மேலும் வெல்லப்பாகு மெல்லிய பூச்சாகப் படிய வேண்டும், பாகு தனியாகத் தேங்கிவிடக் கூடாது. மணலிலும் அப்படியே ஒவ்வொரு மணியையும் களி சுற்றிப் பூசியிருக்க வேண்டும்.

இதைச் செய்வது சாண்ட் மில்லர் என்ற வட்டத்தொட்டி இயந்திரம். உள்ளே கனமான உருளைகள் மணலை நசுக்கித் தேய்க்கின்றன, ஏர்க்கொழு போன்ற தகடுகள் அதைப் புரட்டிப் போடுகின்றன. வெறும் மண்வெட்டியால் கிளறிய மணலுக்கு அதே களியும் அதே தண்ணீரும் சேர்த்தாலும் பாதிப் பலம்கூட வராது என்று அச்சு எடுக்கும் அனுபவமுள்ள மோல்டர்கள் அடித்துச் சொல்வார்கள். நசுக்கித் தேய்க்கும்போதுதான் களி மணி மேல் ஏறுகிறது.

இரண்டு பெட்டி, ஒரு பேட்டர்ன்

கையால் அச்சு எடுப்பதற்கு வேண்டிய கருவிகளை ஒரு சாக்குப் பையில் அள்ளிவிடலாம்: மேல் பெட்டி, கீழ் பெட்டி, சல்லடை, ரேம்மர் என்ற இடிகட்டை, வழித்தெடுக்கும் சட்டம், சிறு கரண்டிகள், காற்றுக்கம்பி, ஊற்றுவழிக்கு ஒரு கூம்புக் கட்டை, தூரிகை. பெட்டி என்றாலும் அதற்கு அடியும் இல்லை, மூடியும் இல்லை, வெறும் நான்கு பக்கச் சட்டம்தான்.

கீழ் பெட்டியைக் கவிழ்த்துப் பலகை மேல் வைத்து, உள்ளே பேட்டர்ன் என்ற மாதிரி உருவின் பாதியை வைக்கிறார்கள். பேட்டர்னை ஒட்டி விழும் முதல் மணல் மட்டும் சல்லடையில் சலித்த நயமான மணல், அதற்குப் பின்னால் சாதாரண மணல். இனி இடி. இங்கேதான் கைப்பழக்கம் பேசுகிறது. இடி குறைந்தால் உருகிய இரும்பு மணல் சுவரைத் தள்ளி வார்ப்பு வீங்கிப்போகும். இடி கூடினால் மணிகளுக்கு இடையிலுள்ள சந்து அடைபட்டு ஆவி வெளியேறாது. பெட்டி ஓரத்தில் பலமாக இடிக்க வேண்டும், பேட்டர்னுக்கு அருகே நிதானிக்க வேண்டும், பேட்டர்ன் மேலேயே இடித்துவிடக் கூடாது. எந்தப் புத்தகமும் கற்றுக்கொடுத்துவிட முடியாத அளவு இது.

பிறகு பெட்டியைப் புரட்டி, மற்ற பாதி பேட்டர்னைப் பொருத்தி, மணல் ஒட்டாமலிருக்கப் பார்ட்டிங் பவுடர் தூவி, மேல் பெட்டியை வைத்து மறுபடியும் மணல், மறுபடியும் இடி. மேலிருந்து மெல்லிய கம்பியால் குத்திக் குத்திக் காற்றுத்துளை போடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் விரியும். அது வெளியேற இந்தத் துளைகள்தான் வழி. மேல் பெட்டியைத் தூக்கி வைத்து, பேட்டர்ன் ஓரத்து மணலைத் தூரிகையால் லேசாக நனைத்து, பேட்டர்னைத் தட்டி அசைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக மேலே உருவுவார்கள். சுவர் இடியாமல் பேட்டர்ன் வெளியே வந்துவிட்டால் அன்றைய கூலி நிச்சயம். எளிதாக உருவி வருவதற்காகவே பேட்டர்னின் பக்கங்கள் ஒன்றிரண்டு டிகிரி சரிவாக இழைக்கப்பட்டிருக்கும்.

இரும்பு மூடியைத் தூக்கும்

மேல் பெட்டி மேல் ஏன் எடைக்கட்டிகளை அடுக்குகிறார்கள் தெரியுமா? உருகிய இரும்பு தண்ணீரைப் போல ஏழு மடங்கு கனம். ஒரு சதுர அடிப் பரப்புள்ள தட்டையான வார்ப்புக்கு மேல் ஊற்றுவழி 15 சென்டிமீட்டர் உயரம் என்று வையுங்கள். அந்த உயரத்து இரும்பு கொடுக்கும் அழுத்தம் மேல் பெட்டியை ஏறத்தாழ 100 கிலோ விசையோடு மேலே தள்ளும். கட்டி வைக்காவிட்டால் பெட்டி மிதக்கும், இடைவெளி வழியே இரும்பு பாயும். பவுண்டரித் தீக்காயங்களில் எத்தனையோ இந்த ஒரு கவனக்குறைவால் வருபவை.

பொய் சொல்லாத கூடுதல் ஸ்கேல்

பேட்டர்ன் ஆசாரியின் அளவுகோல் கடையில் விற்கும் ஸ்கேலைவிடச் சற்று நீளம். வார்ப்பிரும்பு உறைந்து குளிரும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் சுருங்கும், எஃகு 20 மில்லிமீட்டர் வரை சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே சேர்த்த கோடுகள் அதில் இருக்கும். எந்த உலோகத்தை வார்க்கிறோமோ அதற்கு ஒரு ஸ்கேல்.

பம்புக்குள் தண்ணீர் போகும் வழி

பம்பின் வெளிவடிவத்தைப் பேட்டர்ன் தருகிறது. உள்ளே நத்தைக்கூட்டு வடிவில் சுழலும் பாதையைத் தருவது கோர் என்ற தனி மணல் உருவம். அதைக் கோர் பெட்டியில் செய்து, இறுக்கி, அச்சுக்குள் தொங்கவிட்டாற்போல வைத்து மூடுகிறார்கள். இரும்பு கோரைச் சுற்றி உறையும். பிறகு கோரை உடைத்து மணலாகக் கொட்டிவிட்டால் பாதை தயார்.

சாதாரண மணல் கோர் எளிதில் உடையும். இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஜெர்மனியின் யோகான்னஸ் குரோனிங், பிசின் பூசிய மணலைச் சூடான உலோக அச்சில் கொட்டி ஓடு போன்ற மெல்லிய கூடு எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஷெல் கோர் என்று கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் புழங்குவது அந்த வழியில் வந்ததுதான். சோடியம் சிலிக்கேட் கலந்த மணலுக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திச் சில நொடிகளில் கல்லாக்கும் முறையும் உண்டு. சிறு பட்டறைகளுக்கு அது கைகொடுக்கிறது.

நெல்லைச் சீமைக்கும் கோவைக்கும் மின்சாரம்

பைக்காரா நீர்மின்சாரம் 1932இல் வந்தது. அதற்கு முன்பே 1926இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் கோவையில் தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கியிருந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவின் பட்டறையில் டி. பாலசுந்தரம் நாயுடு மின்மோட்டார் உருவாக்கினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று கோவை அதைக் கொண்டாடுகிறது. மோட்டாருக்கு உடல் வேண்டும், பம்புக்கு உடல் வேண்டும், ஆகவே பவுண்டரிகள் பெருகின. இங்கே தெற்கே பாபநாசம் நீர்மின்நிலையம் 1944இல் ஓடத் தொடங்கியது. கமலை மாடுகளின் வேலையை மெல்ல மெல்ல மோட்டார் வாங்கிக்கொண்டது. கோவை மணலில் வார்த்த உடல்கள் கரிசல் கிணறுகளுக்கு வந்து சேர்ந்த கதையின் இரு முனைகள் இவை.

1707

இரும்புப் பானைகளை மணலில் வார்ப்பதற்கு இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பி காப்புரிமை வாங்கிய ஆண்டு. மலிவான இரும்புச் சட்டி சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது இதன் பிறகுதான்.

மணவாளக்குறிச்சி மணல்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பொதுத்துறை நிறுவனம் பிரித்தெடுக்கும் கனிமங்களில் சிர்கானும் ஒன்று. சிலிக்கா மணல் 573 செல்சியஸில் திடீரென விரியும். சிர்கான் அப்படித் துள்ளாது, சூட்டையும் அதிகம் தாங்கும். எஃகு வார்ப்பில் உலோகத்தைத் தொடும் முகப்புக்கும் கோர்களுக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். விலை அதிகம் என்பதால் முழு அச்சையும் அதில் செய்வதில்லை.

மூன்று அடி

மணலின் பலத்தைச் சோதிக்கப் பரவலாகக் கையாளும் முறை: 6.35 கிலோ எடையை 50 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து மூன்று முறை விட்டு, 50 மில்லிமீட்டர் விட்டமும் அதே உயரமும் உள்ள உருளையாக மணலை இறுக்குவார்கள். அதை நசுக்கிப் பலம் பார்ப்பார்கள், காற்றைச் செலுத்தி எவ்வளவு புகுகிறது என்று அளப்பார்கள். மோல்டருக்கோ கைதான் கருவி. ஒரு பிடி மணலை இறுக்கிப் பிடித்து இரண்டாக உடைப்பார். விளிம்பு கூர்மையாக நின்றால் சரி, உதிர்ந்தால் தண்ணீர் போதாது, உள்ளங்கையில் ஒட்டினால் தண்ணீர் அதிகம்.

குதிக்கும் மேசை

கைக்குப் பதில் இயந்திரம் இடிக்கும் முறைகளில் பழையது ஜோல்ட் ஸ்குவீஸ். காற்றழுத்தம் மேசையைத் தூக்கித் தூக்கிப் போடும். அப்படிப் போடும்போது அடியில், பேட்டர்னை ஒட்டிய மணல் நன்றாக இறுகும், மேலே தளர்வாகவே நிற்கும். ஆகவே கடைசியில் மேலிருந்து ஒரு தட்டு அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் மேலும் கீழும் ஒரே இறுக்கம். இந்தியப் பவுண்டரிகளில் ஆர்பா என்ற பெயரால் நெடுங்காலம் ஓடியவை இந்த வகை. அவற்றின் சத்தம் காதைக் கெடுக்கும். பிந்தைய தலைமுறை இயந்திரங்கள் குதிப்பதை விட்டுவிட்டு அதிக அழுத்தத்துக்கு மாறியதில் ஆலைக்காரருக்கு லாபம், தொழிலாளியின் காதுக்கு நிம்மதி.

பெட்டியே வேண்டாம்

டென்மார்க்கில் வாகன் ஆகே யெப்பெசன் 1957இல் காப்புரிமை கேட்ட யோசனை இது: இரு பேட்டர்ன் தகடுகளுக்கு நடுவே மணலை ஊதி, நசுக்கி, ஒரு கட்டியாக வெளியே தள்ளு. அடுத்த கட்டியை அதன் பின்னால் ஒட்டு. இரண்டு கட்டிகளுக்கு இடையே உள்ள குழிதான் அச்சு. டிசாமேட்டிக் என்ற பெயரில் 1962இல் காட்சிக்கு வந்தபோதே மணிக்கு 240 அச்சுகள் எடுத்தது. மேல் பெட்டி, கீழ் பெட்டி, கொக்கி, எடைக்கட்டி எதுவும் இல்லை. இதை உருவாக்கிய டிசா நிறுவனத்துக்குக் கர்நாடகத்தின் தும்கூரில் ஆலை இருக்கிறது.

எழுத்து எந்தப் பக்கம்?

பம்பில் மேலெழும்பி நிற்கும் நிறுவனப் பெயர் பேட்டர்னில் நேராகவே ஒட்டப்படும். மணலில் அது இடவலம் மாறிக் குழியாகும், இரும்பில் மறுபடியும் நேராகிவிடும். உங்கள் வீட்டுப் பழைய அடிபம்பில் அதையும், உடலைச் சுற்றி ஓடும் மெல்லிய வரியையும் தடவிப் பாருங்கள். அந்த வரி மேல் பெட்டியும் கீழ் பெட்டியும் சந்தித்த இடம். வரியின் இரு பக்கமும் சற்று விலகியிருந்தால் பெட்டி சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

காவிரி வண்டல்

நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கு அச்சு தருவது காவிரி வண்டல். அடி, தண்டு, தட்டு, பிரபை எல்லாம் தனித்தனியாக வார்த்து, கடைசலில் கடைந்து, மரையில் இணைக்கப்படுகின்றன.

சாகும் களி

இரும்பு தொட்ட இடத்தில் களி ஏறத்தாழ 600 செல்சியஸைத் தாண்டிவிட்டால் தன்னுள் பிணைந்த நீரை இழந்துவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டாது. மற்ற மணலைக் குளிரவைத்து, சலித்து, புதுக் களி சேர்த்து மறுபடியும் மில்லரில் போடுகிறார்கள். நிலக்கரித்தூள் இரும்பு மணலோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. பவுண்டரி மணல் கறுத்திருப்பதும் அதனால்தான்.

ஈரமணலில் இல்லாத ஆபத்து

அச்சு எடுக்கும்போது மணல் ஈரமாக இருக்கிறது, தூசி குறைவு. அச்சை உடைத்து வார்ப்பை வெளியே எடுக்கும் நாக் அவுட் பகுதியிலும், வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் இடத்திலும் மணல் காய்ந்து பொடியாகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிலிக்காத் தூசி நுரையீரலில் தழும்பாகிறது. சிலிக்கோசிஸ் வந்தபின் குணமாவதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் பட்டியலில், ஆலை நிர்வாகமும் மருத்துவரும் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் அது சேர்க்கப்பட்டிருந்தது. கழுத்துத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்று நம் பையன்கள் நினைக்கிறார்கள். நுண்தூசி துணியைத் தாண்டிப் போகும். பொருத்தமான முகக்கவசம், தூசி உறிஞ்சும் குழாய், குறித்த இடைவெளியில் மார்பு எக்ஸ்ரே ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பவுண்டரி வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.