கச்சா எண்ணெய் படிந்த வயலை மீட்கலாம்

அசோஸ்பைரில்லம் பொட்டலத்தை உழவர் பெருமக்கள் நன்கு அறிவார்கள். அதே போல, எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்களையும் பொட்டலத்தில் அடைத்துத் தருகிறார்கள். மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் சக்கைத் தூளில் அவை கலக்கப்படுகின்றன. இதன் பெயர் 'ஆயில்ஜாப்பர்'.

இதனை உருவாக்கியவர்கள் புதுதில்லி டெரி நிறுவனத்தின் நுண்ணுயிரியல் வல்லுநர் டாக்டர் பன்வாரி லாலும் அவர் குழுவினரும் ஆவர். எண்ணெய்க் கசடையும் கசிவையும் அகற்ற எண்ணெய் நிறுவனங்களுக்கு வழி சொல்வது இவர் பல்லாண்டுகள் செய்த பணி. 2007இல் ஓ.என்.ஜி.சி.யும் டெரியும் இதற்கென ஒரு கூட்டு நிறுவனமே அமைத்தன.

2017 ஜூன் 30இல் தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. காவிரிப் படுகையின் பல பகுதிகளில் புதிய எண்ணெய்க் கிணறுகளை 2020ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் பழைய கிணறுகளும் குழாய்களும் வயல்களுக்கு நடுவே உள்ளன. ஆகவே இம்முறையை நாமும் அறிந்திருப்பது நல்லது.

பயிர் வாடுவது ஏன்?

எண்ணெய் மண்ணின் துளைகளை அடைத்துக் காற்றையும் நீரையும் தடுக்கிறது. எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக் கொள்வதால் பயிர் மஞ்சளாகிறது.

செய்ய வேண்டியவை

கசிவு கண்டதும் வாய்மடையை அடைத்து, சுற்றிலும் வரப்பிட்டு எண்ணெயைத் தேக்குங்கள். தீ வைக்காதீர்கள், உழவும் செய்யாதீர்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் வேளாண்மை அலுவலருக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தேங்கிய எண்ணெயை நிறுவனத்தார் அள்ளிய பிறகே பாக்டீரியா இட வேண்டும். இவற்றுக்குக் காற்று தேவை. எனவே நீரைத் தேக்காமல், ஈரம் மட்டும் காத்து, அவ்வப்போது உழுது, தழைச்சத்தும் மணிச்சத்தும் இட வேண்டும். மண் தேறப் பல மாதங்கள் ஆகலாம்.

உப்பையும் பாருங்கள்

கச்சா எண்ணெயுடன் உப்பு நீரும் வருவதுண்டு. பாக்டீரியா எண்ணெயைத் தின்னும், உப்பைத் தின்னாது. உப்பு இருந்தால் நல்ல நீர் பாய்ச்சி வடிக்க வேண்டும். களர்த்தன்மை கண்டால் ஜிப்சமும் இட வேண்டும்.

"நஷ்டஈடு வந்துவிட்டது ஐயா, அடுத்த போகம் நடலாமா?" என்று குத்தகை உழவர் ஒருவர் என்னிடம் கேட்டார். பணம் வந்ததால் மண் தேறிவிடாது. விஞ்ஞானி ஆலோசனை சொல்வது நிறுவனத்துக்கு, நடப்போவது நீங்கள். எண்ணெய் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்ற இரண்டு கணக்கையும் மண் பரிசோதனை அறிக்கையாகக் கேட்டு வாங்குங்கள். அந்த மண்ணைத் தொட்டியில் இட்டு நாலு விதை போட்டுப் பாருங்கள். முளைத்து நன்கு வளர்ந்தால் நாற்று விடலாம்.