மலைக்குத் திரும்பிய கேழ்வரகு
கொடிய வறுமை ஒழிந்துவிட்டது என்கிறது கேரளம். மறையூரின் மலைக்குடிகளிலோ அரிசி மட்டும் பசியாற்றவில்லை.

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் சின்னாறு சோதனைச்சாவடியைத் தாண்டினால் வறண்ட முள்காடு. மறையூரை நெருங்கியதும் காட்சி மாறுகிறது. கரும்பு வயல்கள், கொட்டகைகளில் பாகு கொதிக்கும் வாசனை, காவலுக்குள் வளரும் சந்தன மரங்கள். இங்கு கையால் உருட்டப்படும் வெல்லத்துக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரைப் பக்கமிருந்து முன்னோர் வந்ததாகச் சொல்லும் அஞ்சுநாட்டுத் தமிழர்களின் பூமி இது. பார்த்ததும் யாரும் இதை ஏழை ஊர் என்று சொல்லமாட்டார்கள்.

சாலையை விட்டு உள்ளே போனால் கதை வேறு. சின்னாறு சரணாலயத்துக்குள் 11 குடிகளில் முதுவர்களும் மலைப்புலையர்களும் வாழ்கிறார்கள். ஒரு சரிவைத் திருத்தி கேழ்வரகும் தினையும் சாமையும் விதைப்பது, மண் சோர்ந்ததும் அடுத்த சரிவுக்குப் போவது என்பதுதான் இவர்களது பழைய விவசாயம். 1984ல் காடு சரணாலயமானது. இடம் மாற்றி விதைக்க வழியில்லாமல் போனது. எஞ்சிய கொல்லைகளை யானையும் காட்டுப்பன்றியும் பார்த்துக்கொண்டன. தைலப்புல் காய்ச்சுவதும் கூலி வேலையும் பிழைப்பாயின. தட்டில் களி இருந்த இடத்துக்கு ரேஷன் அரிசி வந்தது.

வயிறு நிறைந்தது உண்மைதான். ரேஷன் இல்லாவிட்டால் நிலைமை மோசமாகியிருக்கும் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு; தீட்டிய அரிசியில் 10ஐத் தொட்டால் அதிகம். இந்த மாற்றம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி சாட்சி. 2013ல் அங்கே ஆதிவாசிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, ரத்தசோகை பிடித்த தாய்மார்களும் எடை குறைந்த சிசுக்களும்தான் செய்தியானார்கள். சிசு மரணத்தைக் குறைத்ததற்காகப் பெயர் வாங்கிய மாநிலத்துக்கு அது பெரிய அவமானம். குடும்பஸ்ரீ மூலம் சமுதாய சமையலறைகள் திறக்கப்பட்டன. சில ஆண்டுகள் கழித்து, சிறுதானியங்களை மீண்டும் பயிரிடும் திட்டமும் வந்தது.

சின்னாறில் இதை முன்னெடுத்தது வனத்துறை. சாகுபடிக்கு வரம்பு கட்டிய அதே துறை! 'புனர்ஜீவனம்' என்ற பெயரில், தாயண்ணன்குடி முதுவர்களுடன் சேர்ந்து பழைய விதைகளைத் தேடிச் சேகரித்தார்கள். விதை ஒரு குடியில் அழிந்தாலும், இன்னொரு குடியில் யாராவது ஒரு கிழவி கட்டிவைத்திருப்பார் என்ற நம்பிக்கை வீண்போகவில்லை. நீலக்கண்ணி, பச்சமுட்டி போன்ற ரகங்கள் மறுபடி முளைத்தன. இதைப் புரட்சி என்றெல்லாம் சொல்வது மிகை. கொல்லைகள் சிறியவை, விலங்குகளின் தொல்லையும் தீரவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2025 நவம்பர் 1ல் வந்தது அந்த அறிவிப்பு. உணவு, உடல்நலம், வருமானம், வீடு ஆகியவற்றை அளவுகோலாக வைத்து அடையாளம் கண்ட 64,006 குடும்பங்களைக் கைதூக்கிவிட்டதாகவும், கொடிய வறுமை இல்லாத மாநிலம் கேரளம் என்றும் முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். எதிர்க்கட்சி சட்டசபையைப் புறக்கணித்தது. பொருளாதார நிபுணர்கள் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது: பரம ஏழைகளுக்கான அந்தியோதயா மஞ்சள் அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் மாநிலத்தில் சுமார் 5.9 லட்சம். இவர்களெல்லாம் எந்தக் கணக்கில் வருகிறார்கள்? அரசு தரப்பிலும் நியாயமில்லாமல் இல்லை. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் (2019-21) கேரளத்தின் பங்கு வெறும் 0.55 சதவிகிதம், நாட்டிலேயே குறைவு. ஆனால் மாநில சராசரி மலையேறிக் குடிக்கு வருவதில்லை. மூணாறுக்கு அப்பால் உள்ள இடமலைக்குடிக்கு, 2010ல் மாநிலத்தின் முதல் ஆதிவாசிப் பஞ்சாயத்தான பிறகும், ரேஷன் மூட்டை தலைச்சுமையாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

2013ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையோடு சிறுதானியத்தையும் ரேஷனில் கொடுக்க இடம் தருகிறது. கேரளம் இதைக் கையிலெடுத்தது சர்வதேச சிறுதானிய ஆண்டான 2023ல். மலைப்பகுதி ரேஷன் கடைகளில் கேழ்வரகு மாவு வந்தது. அந்தக் கேழ்வரகு விளைந்த இடம், கர்நாடகம்.